ரெண்டு பேர் என்று சொன்னவள் நான்

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு இசையைப் போட்டிருந்தீர்கள். "நம்ம மாமா வாசிச்ச கிதார், யாரோ வெளிநாட்டுக்காரங்க தேடிப் புடிச்சி போட்டுருக்காங்க, எல்லாரும் கேளுங்க" என்று கூடவே ஒரு குறிப்பு. கீழே வரிசையாக இதயம், கும்பிடு, கைதட்டல். வருகிற தை மாதம் உங்கள் அப்பாவுக்கு, அதுதான் என் பெரியப்பாவுக்கு, நூறாவது பிறந்தநாள் கொண்டாடப் போகிறோமே, படத்துக்கு மாலை போடும்போது இதையே ஒலிக்க விடலாமா என்று ஒருத்தர் கேட்க, "சூப்பர்" என்று இன்னொருத்தர் பதில் போட்டிருந்தீர்கள்.

நம்ம மாமாவாம். எந்த வாயால் சொல்கிறீர்கள்? நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது, மறதி வரும் வயதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறதி எல்லாருக்கும் ஒரே இடத்தில் ஓட்டை போடுமா என்ன? அந்த இசைக்குக் கீழே யாரோ வெள்ளைக்காரர் வியந்து எழுதியிருப்பதையும் படித்தேன். ஒரே கிதார், ஒரே ஆள், இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கிறது, நம்ப முடியவில்லை என்கிறார். அவர் நம்பாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை. பாகூரில் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாம் நம்பாமல் போனோமே, அதில் அத்தையின் வாழ்க்கை போயிற்று. நீங்கள் சொல்ல மாட்டீர்கள், நான் சொல்கிறேன்.

கடைத்தெருவில் முன்பக்கம் பெரியப்பாவின் மளிகைக்கடை, பின்பக்கம் வீடு. பெரியப்பா குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே அடுப்பு. கடையிலும் வீட்டிலும் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். என் அப்பா அவருக்குத் தம்பி என்பதைவிட அவருடைய நிழல் என்றே சொல்லலாம். அண்ணன் தும்மினால் தம்பி மூக்கைத் துடைத்துக்கொள்வார். பெரியப்பா எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். பெருங்காயத்தை நாக்கில் வைப்பார், மிளகைத் தண்ணீரில் போடுவார், அரிசியைப் பல்லில் கடிப்பார். தேங்காய்க்கு மட்டும் நான். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மொத்தமாகத் தேங்காய் கேட்பார்கள், அதில் ஒன்று அழுகல் என்றாலும் கடைக்குக் கெட்ட பெயர். குவியல் முன்னால் என்னை உட்கார வைத்து விடுவார். நான் ஒவ்வொன்றாகக் காதருகில் வைத்து விரல் கணுவால் தட்டி, இது முத்தல், இது இளசு, இது அழுகல் என்று பிரித்துப் போடுவேன். பத்து வயதில் எனக்குத் தப்பியதே இல்லை. "பாப்பா காது பொய் சொல்லாது" என்று வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் சொல்வார். உங்களில் யாருக்கும் அந்த வேலை கொடுக்கவில்லை. அதில் எனக்கு இருந்த கர்வத்தை என்னவென்று சொல்வது.

அத்தை, பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. மாமா ஏம்பலத்துக்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர், அதனால் மாமாவுக்கும் பிரான்ஸ் குடியுரிமை. அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. பெற்றவர்கள் இல்லை, சொந்தமென்று பெரிதாக யாரும் இல்லை. லீவில் வந்தவருக்கு அத்தையைக் கட்டி வைத்தார்கள். கல்யாணத்தன்று பிள்ளைகளெல்லாம் நச்சரிக்க, கொண்டு வந்திருந்த கிதாரை எடுத்துச் சும்மா ஜங் ஜங் என்று தட்டிக் காட்டினார். பெரியப்பா ஓரக்கண்ணால் பார்த்து, "மாப்ள, அத எடுத்து உள்ள வையுங்க. கூத்தாடி வூடு மாதிரி இருக்குது" என்றார். மாமா சிரித்துக்கொண்டே உள்ளே வைத்துவிட்டார். அதன்பிறகு நம் வீட்டில் அவர் அதைத் தொடவில்லை. ஆக, அவர் வாசிப்பு என்றால் நமக்குத் தெரிந்தது அந்த ஜங் ஜங் மட்டும்தான்.

கல்யாணமாகி இரண்டு மாதம் ஏம்பலத்தில் மாமாவின் அப்பா வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். அங்கே வாசித்தாராம். நடவு நடும் பெண்கள் வயலில் பாடும் மெட்டு, ஏற்றம் இறைக்கும் மெட்டு, தொட்டில் ஆட்டும் மெட்டு, இவற்றையெல்லாம் அங்கிருந்த வயசாளிகளிடம் கேட்டுக் கேட்டுக் கிதாரில் பிடித்தாராம். அத்தை எதிரே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாளாம். இது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரியும்.

லீவு முடிந்து அவர் கிளம்பிவிட்டார். பேப்பர் எல்லாம் தயாரானதும் அத்தையும் போய்ச் சேர வேண்டும் என்று பேச்சு. அதுவரை அண்ணன் வீட்டில். போகும்போது அத்தைக்கு ஒரு டேப் ரிக்கார்டர் கொடுத்துவிட்டுப் போனார், எழுத்தில் சொல்ல முடியாததைக் கேசட்டில் பேசி அனுப்புகிறேன் என்று. அத்தைக்குக் கொடுத்ததைப் பெரியப்பா வாங்கி, "வெல ஒசந்த சாமான், பத்திரமா இருக்கட்டும்" என்று தன் பீரோவில் பூட்டினார். பொண்டாட்டிக்குப் புருஷன் பேசி அனுப்பும் கேசட்டை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, கூடத்தில், எல்லாரும் சுற்றி உட்கார, பெரியப்பா கையால் போட்டுக் கேட்பது. அதுதான் வழக்கம். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. வெற்றிலைச் சீவலோடு கேட்டோம்.

முதல் கேசட்டில் பாவம் மனுஷன் வரிசையாக எல்லாரையும் நலம் விசாரித்தார். இரண்டாவதில், "நீ சாப்ட்டியா? இங்க குளிரா இருக்குது. நீ இருந்தா நல்லா இருக்கும்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் ஒரு மாசம் நீங்கள் எல்லாரும் அத்தை தண்ணீர் இறைத்தாலும் துணி காயப் போட்டாலும் பின்னாலேயே போய், "நீ சாப்ட்டியா, நீ இருந்தா நல்லா இருக்கும்" என்று குரலை இழுத்துச் சொல்லிக்கொண்டு திரியவில்லையா? நானும்தான் திரிந்தேன். அத்தை அழுதுகொண்டே மாமாவுக்கு எழுதினாள், இனிமேல் கேசட்டில் பேசாதீங்க, வாசிங்க போதும் என்று.

மூன்றாவது கேசட்டில் பேச்சே இல்லை. ஒரு பக்கம் முழுக்கக் கிதார்.

அதைக் கேட்டபோது கூடத்தில் சீவல் மெல்லும் சத்தம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. கீழே கனமாக ஒரு தந்தி ஏற்றம் இறைப்பது போல விட்டு விட்டு இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, அதோடு சம்பந்தமே இல்லாத மாதிரி, தொட்டில் மெட்டு தனியாகப் போயிற்று. நடுவில் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்வது போல. கண்ணை மூடினால் எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அத்தை தூணில் சாய்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, முகமெல்லாம் மலர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பெரியப்பா டேப்பை நிறுத்தினார்.

"கூட வாசிக்கிறது யாரு?"

அத்தை நிமிர்ந்தாள். "யாரும் இல்லண்ணா. அவுரு மட்டுந்தான்."

"ஒருத்தன் வாசிச்சா இப்டியா கேக்கும்? கல்யாணத்துல வாசிச்சத நாம பாக்கலியா? ஜங்கு ஜங்குன்னு."

"அது சும்மா வெளாட்டுக்கு. அவுரு வாசிச்சா கட்ட வெரலு ஒரு வேல செய்யும், மத்த வெரலு ஒரு வேல செய்யும். நா எதிருல ஒக்காந்து பாத்துருக்கன்."

பெரியம்மா சீவலை ஒதுக்கிக்கொண்டு, "புருசன வுட்டுக்குடுக்க யாருக்குத்தான் மனசு வரும்" என்றாள்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். "பாப்பா, இங்க வா. கண்ண மூடிக்கினு கேளு. எத்தினி பேரு?"

மறுபடி ஓட விட்டார். தேங்காய்க் குவியல் முன்னால் உட்காருவது போலவே சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டேன். கண்ணை மூடும் முன் அத்தை என்னைப் பார்த்தாள். உங்களுக்கு அது தெரிந்திருக்காது, என்னிடம் மட்டும் கேட்ட பார்வை அது.

"ரெண்டு பேரு பெரியப்பா" என்றேன்.

"நல்லா கேட்டியா?"

"ரெண்டு பேருதான். ஒருத்தரு கீழ கனமா வாசிக்கிறாரு. இன்னொருத்தரு மேல மெல்லிசா."

பெரியப்பா தலையாட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் என்னை மேலே கேட்கவில்லை.

"மேல வாசிக்கிறது பொம்பள கை" என்றேன்.

என் அம்மா மட்டும், "ஏய், கம்முனு இருடி" என்றாள். காலம் கடந்துவிட்டது. அத்தை எழுந்து வந்து பெரியப்பா எதிரில் நின்றாள். "அண்ணா, அது கொழந்த. அதுக்கு இன்னா தெரியும். கட்டிக்கினவ சொல்றன், கண்ணால பாத்தவ சொல்றன்."

"கொழந்தன்றதாலதான் கேட்டன். அதுக்குப் பொய் சொல்லி இன்னா ஆவணும்?" என்றார் பெரியப்பா. கடையில் சரக்கைத் திருப்பி அனுப்பும்போது பேசும் அதே குரல். என் அப்பா, "அண்ணன் சொல்றது சரிதானம்மா" என்றார். வேறு என்ன சொல்வார் அவர்.

இதில் என்ன கொடுமை என்றால், அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று நீங்கள் இன்னமும் சொல்கிறீர்கள். தங்கச்சி தேசாந்திரம் போய் அங்கே ஒருத்தியோடு கிடந்து சீரழியக் கூடாதே என்கிற அக்கறையாம். அக்கறை இருந்தவர் தங்கச்சி வாயைத் திறந்து சொன்னதைக் கேட்டிருப்பார். சோதித்துப் பார்க்கிற ஆள்தானே, மிளகுக்குக் காட்டிய பொறுமையில் கால் பங்கு அவளுக்குக் காட்டியிருக்கலாம். புதுச்சேரிப் பக்கம் போய்க் கிதார் தெரிந்தவன் ஒருத்தனையாவது விசாரித்திருக்கலாம். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்.

ஆவணியில், பிரான்ஸ் போகும் பேப்பருக்காக அத்தை புதுச்சேரி கன்சுலேட்டுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. கல்யாணப் பதிவுப் பத்திரம் வேண்டும். பத்திரம் கடை இரும்புப் பெட்டியில். பெரியப்பா அன்று காலையில் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு உறவுக்காரர் வீட்டுக் காரியம் என்று கிளம்பிப் போய்விட்டார். அத்தை புடவை கட்டி, பூ வைத்து, பெட்டி முன்னால் சாயங்காலம் வரை நின்றாள். உட்காரவே இல்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோதும் நின்றுகொண்டிருந்தாள்.

அதன்பிறகு கேசட் வரவில்லை. கடிதமும் இல்லை. போக வேண்டிய நாளில் போகாததால் கோபம் போலிருக்கிறது என்று அத்தை எழுதி எழுதிப் பார்த்தாள். எழுதியதைத் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கடையில் கொடுப்பாள். கடையிலிருந்து அவை எங்கே போயின என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? டேப் ரிக்கார்டர் அப்புறம் உங்கள் கைக்கு வந்தது. அந்த மூன்றாவது கேசட்டின் மேலேயே ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டைப் பிடித்தீர்கள். இன்றைக்கு அது கிடைத்தால் வெளிநாட்டுக்காரர்கள் என்ன கொடுத்தும் வாங்குவார்கள் என்று குழுவில் ஆதங்கப்பட்டிருந்தீர்கள். அத்தை அடுப்படியில் இருந்தபடி, தன் புருஷன் வாசித்ததன் மேல் அந்தப் பாட்டு ஏறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று வருஷம் கழித்து, பங்குனி வெயிலில், மாமா வந்தார். தவளக்குப்பத்தில் பஸ் மாறி வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கையில் பை, ஒரு கையில் கறுப்புப் பெட்டியில் கிதார். கடையில் கூட்டம், பெரியப்பா அவரை வேகமாக உள்ளே கூட்டி வந்து கூடத்தில் உட்கார வைத்தார். அத்தை பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"நேரா ஒரு வார்த்த கேட்டுட்டு போலாம்னு வந்தன்" என்றார் மாமா. "நா இன்னா தப்பு பண்ணன்?"

"எங்களையே கேக்குறீங்களா மாப்ள? கூட ஒருத்தி வாசிச்சத நாங்க எல்லாரும் கேட்டுதான இருந்தம்."

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. திருப்பித் திருப்பிக் கேட்டார். புரிந்ததும் அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. பெட்டியைத் திறந்து கிதாரை எடுத்து, மடியில் வைத்து, முறுக்கிச் சரி செய்துவிட்டு வாசித்தார். அதே மெட்டு. கட்டை விரல் மட்டும் தனியாக, ஏதோ கூலிக்கு வேலை செய்பவன் மாதிரி, கீழே இறைத்துக்கொண்டிருந்தது. மற்ற மூன்று விரல் அதைக் கண்டுகொள்ளாமல் மேலே தொட்டிலை ஆட்டின. ஒரே கை. நான் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பொம்பளைக் கை என்று நான் சொன்னது அவருடைய மோதிர விரல்.

முடித்ததும் பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நீதானடி ரெண்டு பேருன்னு சொன்ன" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள், பார்த்தீர்கள். பதின்மூன்று வயதுப் பெண் தலையில் மூன்று வருஷத்தை ஏற்றி வைத்துவிட்டுப் பெரியப்பா மாமாவிடம் திரும்பி, "சரி, ஆனது ஆயிப் போச்சு. சாப்புட்டு போங்க. பேப்பர் பாத்து அடுத்த மாசமே தங்கச்சிய அனுப்பி வெக்கிறன்" என்றார். இந்த ஆளுக்குத்தான் நூறாவது பிறந்தநாள்.

சத்தம் கேட்டு அத்தை ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. மாமா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்த ஒரு கடிதத்தை எடுத்தார். "இனிமே இது வேணாம்" என்று அதைக் கிழிக்கப் போனார்.

"இன்னா அது?" என்றாள் அத்தை.

"நீ எழுதுனதுதான்."

அத்தை வாங்கிப் படித்தாள். நீ அங்கே ஒருத்தியை வைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும், எனக்கு உன் வாழ்க்கை வேண்டாம், இனி எழுதாதே என்று இருந்தது. பெரியப்பா சொல்லச் சொல்லக் கடைக் கணக்குப்பிள்ளை எழுதியது. கீழே அத்தையின் பெயரைப் போட்டது யார் என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். என் அப்பா.

அத்தை படித்து முடித்து, அண்ணன்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. மாமாவைத்தான் பார்த்தாள்.

"இது என் கையெழுத்தா?"

மாமா அந்த எழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"என் கடுதாசி எத்தினி வெச்சிருந்தீங்க ஒங்க கிட்ட? எடுத்து பக்கத்துல வெச்சி பாக்கத் தோணலியா?"

"கோவத்துல பாக்கல" என்றார் மாமா. "அப்பறமா சந்தேகமாதான் இருந்துது."

"எப்ப அப்பறமா?"

"போன வருசம்."

"நீங்க வாசிச்சத ஒரு தடவ கேட்டதும் நீங்க மட்டுந்தான்னு நா சொன்னன். அடிச்சி சொன்னன். ஒங்களுக்கு மட்டும் நா எழுதலன்னு தெரியலியே."

கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள். போய் மீதித் துணியைத் துவைத்தாள். மாமா சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். பெரியம்மா போய்க் கெஞ்சினாள், என் அம்மா காலில் விழாத குறை. அத்தை வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அதற்கப்புறம்தான் அங்கே இசைத்தட்டு போட்டதும், பெயர் வந்ததும், நீங்கள் இதயம் போடுகிற எல்லாமும். அவர் அங்கேயே தனியாக இருந்து செத்துப் போனார் என்று கேள்வி.

அத்தை ஒரு மாதத்தில் நம் வீட்டை விட்டும் போனாள். வில்லியனூரில் ஒரு அறை எடுத்து, பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் வேலை. பெரியப்பா ஊரெல்லாம், "திமிர் புடிச்சவ, நல்ல வாழ்க்கைய எட்டி ஒதச்சிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

பத்தொன்பது வயதில் நான் வில்லியனூருக்குப் போனேன். ஒரு மதிய நேரம். அத்தை முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். காப்பி கொடுத்தாள், குடித்தேன். அப்புறம், "அத்த, நீ ஏன் என்ன ஒரு வார்த்த கூட திட்டல?" என்று கேட்டேன்.

"ஒன்ன எதுக்குத் திட்றது. நீ காதுல வுயுந்தத சொன்ன" என்றாள். "ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரிதான் இருக்கும். அப்டி கேக்கணும்னுதான் அவுரு வெரலு தேய்ஞ்சி போற அளவுக்குக் கஷ்டப்பட்டாரு. அந்தக் கூடத்துல ஒழுங்கா கேட்டவ நீ ஒருத்திதான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது, மறைப்பானேன். கிளம்பிவிடலாம் என்று தம்ளரைக் கீழே வைத்தேன்.

அத்தை முறத்தை நிறுத்தினாள்.

"பொம்பள கைன்னு சொன்ன பாரு" என்றாள். "அத எதுக்குடி சொன்ன? அத யாரும் கேக்கலியே."

பொய் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

"ரெண்டு பேருன்னு சொன்னதும் பெரியப்பா தலையாட்டுனாரு. இன்னும் கொஞ்சம் சொன்னா இன்னும் தலையாட்டுவாருன்னு சொன்னன்."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான் அத்த" என்றேன்.